ஏரியை விட்டுத் தள்ளி, எஸ்டேட் பக்கம்: ஏற்காட்டில் இரண்டு இரவு தங்க முழுமையான வழிகாட்டி

"சார், ரூம்ல இருந்து பார்த்தா ஏரி தெரியுமா?"

சித்தப்பாவின் எஸ்டேட்டுக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும். தெரியாது. ஏற்காட்டை அடுத்த நாகலூர் பக்கம் இருக்கிறோம், ஏரிக்கு வண்டியில் அரை மணி நேரம் ஆகும். ஜன்னலைத் திறந்தால் காப்பிச் செடியும், சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக் கொடியும்தான். அப்படிச் சொன்னதும் சிலர் வைத்துவிடுவார்கள். "அதுதான் சார் வேணும்" என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது கீழே, சேலம் அஸ்தம்பட்டியில். சனி, ஞாயிறு மேலே போய் அந்த மூன்று அறைகளைக் கவனித்துக்கொள்வேன். படகுத்துறை, பஜ்ஜிக்கடை, ஹாரன் சத்தம் எதுவும் வேண்டாம், கூடக் கொஞ்சம் காசு கொடுத்தாலும் அமைதியாக இருக்க வேண்டும் என்று வருகிறவர்கள், முதல் நாளே ஊருக்குள் மூன்று முறை போய் வந்து களைத்துப் போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எஸ்டேட் பக்கம் கடை கிடையாது. மறந்த பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர ஓட்டம். அதனால் கீழே வரிசையாகச் சொல்லியிருப்பதில் முதல் மூன்று படிகளை வீட்டிலும் சேலத்திலுமே முடித்துவிட வேண்டும்.

1. தேதியைப் பிடியுங்கள், அறை அப்புறம்

பெரும்பாலானவர்கள் அறையைப் பார்த்து மயங்கி, எந்தத் தேதி காலியோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அறை எப்போதும் அதே அறைதான். தேதிதான் மலையை மாற்றும்.

திங்கள் மத்தியானம் ஏறி புதன் காலை இறங்குவது உத்தமம். லீவு கிடைக்காவிட்டால் வியாழன் ஏறி சனி காலை இறங்குங்கள். சனி காலை கூட்டம் மேலே ஏறும்போது நீங்கள் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

மே மாதம் வேண்டாம். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் அப்போதுதான். சேர்வராயன் கோயில் திருவிழாவும் அதே மாதம். கூட்டம் மிஞ்சினால், ஒரு பாதையில் ஏறி மறு பாதையில் இறங்கச் சொல்லி போலீசார் திருப்பிவிடுவதும் உண்டு. இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். சேலம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். வித்தியாசம் சுமார் எட்டு டிகிரிதான். கீழே 39 அடிக்கும் நாளில் மேலேயும் மத்தியானம் வேர்க்கும். "ஏழைகளின் ஊட்டி" என்ற பேச்சை நம்பி மே மாதம் கம்பளியோடு வந்து, மின்விசிறி ஏன் இல்லை என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பழப் பறிப்பு. எஸ்டேட்டில் தங்குவதென்றால் இதுதான் காலம். குளிரும், பனிமூட்டம் இருக்கும், ஆனால் பார்க்க வேலை நடந்துகொண்டிருக்கும்.

மார்ச், ஏப்ரலில் பூ மழை (காப்பியைப் பூக்க வைக்கும் கோடை மழை) பெய்தால் எட்டு, பத்து நாளில் காப்பி பூக்கும். மலை முழுக்க வெள்ளை, மல்லிகை போல வாசம். மூன்று நாலு நாளில் முடிந்துவிடும். இதற்குத் தேதி வைக்க முடியாது. எஸ்டேட்காரர் நம்பரை வைத்துக்கொண்டு, மழை பெய்த செய்தி வந்ததும் கூப்பிடுவது ஒன்றே வழி.

அக்டோபரிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை வடகிழக்குப் பருவமழை. சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. தங்கும் இடம் பத்திரமாக இருந்தாலும் இறங்க வழி வேண்டுமே.

2. போனில் கேட்க வேண்டியவை

ஆப்பில் படம் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். கூப்பிட்டுப் பேசுங்கள். நான் யாருக்காவது வேறொரு எஸ்டேட்டில் அறை பார்த்துக் கொடுப்பதென்றால் முதலில் கேட்பது, "இப்போ அங்க மழையாங்க?" என்றுதான். மேலே இருக்கிறவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்து, "தூறுதுங்க, மூடிட்டு இருக்கு" என்பார். எங்கோ உட்கார்ந்து கமிஷனுக்கு அறை விற்கிறவர், "கிளைமேட் சூப்பரா இருக்கும் சார்" என்பார். இரண்டாவது ஆளிடம் மேற்கொண்டு எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது வழி. தார் ரோட்டிலிருந்து வீட்டு வாசல் வரை எவ்வளவு தூரம் மண் பாதை, மழை பெய்தால் உங்கள் கார் ஏறுமா? கார் பெயரைச் சொல்லியே கேளுங்கள். "எல்லா வண்டியும் வரும்" என்ற பதிலுக்கு, பெரும்பாலும் ஜீப் வரும் என்று அர்த்தம். வண்டியை ரோட்டோரம் நிறுத்தினால் ஜீப் அனுப்புவார்களா, அதற்குத் தனிக் காசா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

டிரைவர் வைத்து வருகிறவர்கள் மறக்கிற கேள்வி, அவர் எங்கே படுப்பார், என்ன சாப்பிடுவார் என்பது. பல பங்களாக்களில் டிரைவருக்கு இடமே இல்லை. குளிரில் காருக்குள் சுருண்டு படுத்த மனுஷன்தான் மறுநாள் உங்களை வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப்போகிறார். இடம் இல்லை என்றால் வேறு எஸ்டேட் பாருங்கள்.

வெந்நீர் எப்படி? சோலார் என்றால் மூட்டம் போட்ட நாளில் பச்சைத்தண்ணீர்தான். விறகு பாய்லர் இருந்தால் நிம்மதி. கரண்டு போனால் எதற்கெல்லாம் இன்வெர்ட்டர் என்றும் கேளுங்கள், மழை நாளில் மரக்கிளை விழுந்து கரண்டு போவது சகஜம்.

சாப்பாடு முக்கியம். எஸ்டேட் சமையல் ஓட்டல் மாதிரி இல்லை. காலையிலேயே இத்தனை பேர், இத்தனை சைவம், நாட்டுக்கோழி வேண்டுமா என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கறியும் காய்கறியும் ஊரிலிருந்து வர வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு, "ஒரு சிக்கன் ஃப்ரைடு ரைஸ் கிடைக்குமா?" என்று கேட்டால் சமையல்கார அக்கா சிரிக்க மட்டும்தான் முடியும்.

கடைசியாக, அன்றைக்கு வேறு யார் தங்குகிறார்கள்? ஆபீஸ் கும்பல் ஒன்று ஸ்பீக்கரோடு வந்தால் நீங்கள் தேடி வந்த அமைதி அன்றோடு சரி. பெரிய கும்பலுக்கு அறை கொடுத்த நாளில் குடும்பத்துக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொல்கிற இடங்கள் உண்டு. வாடகை கூடுதலாக இருப்பதற்கு அது ஒரு காரணம், அந்தக் காசு தகும்.

முன்பணம் கட்டும்போது கணக்கில் வரும் பெயரும் நீங்கள் பேசிய ஆளின் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் வீடியோ காலில் வராந்தாவைக் காட்டச் சொல்லுங்கள். நிஜமான எஸ்டேட்காரர் சிக்னல் இல்லாமல் வேண்டுமானால் தவிப்பார், காட்ட மறுக்க மாட்டார்.

3. ஏறுமுன் சேலத்தில் முடிக்க வேண்டியவை

இங்கே "கீழே" என்றால் சேலம், "மேலே" என்றால் ஏற்காடு. கீழே வாங்க வேண்டியதைக் கீழேயே வாங்கிவிடுங்கள்.

மருந்து முதலில். ஒரு தடவை என் அக்கா மகனுக்கு ராத்திரி பத்து மணிக்குக் காய்ச்சல் அடித்தது. பாராசிட்டமால் சிரப் வீட்டு மேஜையில் மறந்து கிடந்தது. பனிமூட்டத்தில் மண் பாதையைத் தாண்டி ஊருக்குள் போய், மூடிய கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி வாங்கித் திரும்பும்போது பன்னிரண்டு மணி. உள்ளூர்க்காரனான நானே அப்படி அலைந்தேன். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி, அலர்ஜிக்கு மருந்தும், தினசரி மாத்திரையில் ஒரு நாளுக்கு உபரியும் பையில் இருக்கட்டும்.

டார்ச் ஆளுக்கு ஒன்று. போன் டார்ச் போதும் என்பார்கள். போனில் சார்ஜ் போனால் வெளிச்சமும் போச்சு, கூப்பிட வழியும் போச்சு.

பெட்ரோல், டயர் காற்று, ஸ்டெப்னி காற்று. ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. யுபிஐ வேலை செய்ய சிக்னல் வேண்டும், அதனால் நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் ரொக்கம்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு முழுக்கத் தடை. அடிவாரச் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் கேரி பேக்கோடு நிற்காதீர்கள். துணிப்பை, எவர்சில்வர் தூக்கு, தண்ணீர் கேன் போதும். இ-பாஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸ் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும்தான், அந்த உத்தரவில் ஏற்காடு இல்லை.

தின்பண்டத்துக்குத் தட்டுவடை செட் பார்சல் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பீட்ரூட்டும் கேரட்டும் சட்னியும் வைத்துக் கட்டிய செட் இருபதாவது வளைவுக்குள் நமுத்துவிடும். தட்டுவடையைத் தனியாக, சட்னியைத் தனி டப்பாவில் வாங்குங்கள். மேலே போய் வராந்தாவில் நீங்களே செட் போட்டுச் சாப்பிடலாம். எங்கள் வீட்டில் அதற்கென்றே ஒரு கேரட் துருவி உண்டு.

4. எந்த ரோடு, எப்படி ஓட்டுவது

வழக்கமான பாதை அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொன்று அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுவது. சென்னையிலிருந்து ஆத்தூர், வாழப்பாடி வழியாகக் காரில் வருகிறவர்கள் சேலத்துக்குள் நுழையாமலே குப்பனூர் பாதையைப் பிடிக்கலாம். வளைவுகள் குறைவு, வண்டிகளும் குறைவு. ஆனால் சில இடங்களில் ஏற்றம் செங்குத்து, பாதை ஒடுக்கம். மலையில் ஓட்டிப் பழகாதவர் அடிவாரம் வழியாகவே ஏறட்டும். அங்கே வழியில் நின்றால் உதவிக்கு ஆள் இருக்கும்.

ரயிலில் வருவதென்றால் சென்னை சென்ட்ரலிலிருந்து ராத்திரி கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே சேலம் ஜங்ஷனில் இறக்கிவிடும். பெயரைப் பார்த்து ரயில் ஏற்காட்டுக்கே போகும் என்று நினைத்தவர்களும் உண்டு. அது ஈரோடு வரை போகும் ரயில், மலைக்கு ரயில் பாதை கிடையாது. இறங்கியதும் இருட்டோடு டாக்சி பிடித்து ஏறாதீர்கள். புதிய பேருந்து நிலையம் பக்கம் இட்லி சாப்பிட்டு, வெளிச்சம் வந்தபின் கிளம்புங்கள். பேருந்தும் அங்கிருந்து உண்டு, ஆனால் அது ஏற்காடு வரைதான் நிச்சயம். எஸ்டேட் கிராமங்களுக்குப் போகும் பேருந்து நாளுக்குச் சில நடைதான், அந்த நேரத்தை எஸ்டேட்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குமட்டல் வருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறக்கூடாது, வெறும் வயிற்றிலும் ஏறக்கூடாது. மாத்திரை போடுவதாக இருந்தால் ஏறுவதற்கு அரை மணி முன்பு. முதல் வளைவில் போட்டால் பத்தாவது வளைவில் அதுவும் வெளியே வந்துவிடும். குழந்தைகள் கையிலிருக்கும் போனை அடிவாரத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள். கண் திரையில் நிற்கும்போது உடம்பு மட்டும் ஆடினால் குமட்டல் இரட்டிப்பாகும்.

ஓட்டுகிறவருக்கு மூன்று விஷயம். ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, அதனால் எதிரே பேருந்து ஏறினால் இறங்குகிறவர் நிற்க வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவது கஷ்டம் என்பதால் வந்த விதி அது. வளைவில் பேருந்துக்கு முழு ரோடும் தேவைப்படும், அது திரும்பி முடிக்கும் வரை மூக்கை நுழைக்காதீர்கள். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும், லோ பீம் போதும்.

வழியில் குரங்குகளுக்காக நிறுத்தாதீர்கள். பிஸ்கட் போட்டுப் பழக்கியதால் அவை ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. வளைவைத் தாண்டியதும் ஒரு குட்டி நடுரோட்டில் இருந்தால் பின்னால் வருகிறவர் என்ன செய்வார்?

5. நாலு மணிக்குள் போய்ச் சேருங்கள்

என் அனுபவத்தில் ஆகப் பெரிய தவறு இதுதான். "ஏரியில் ஒரு ரவுண்டு படகு போய்விட்டு, லேடீஸ் சீட்டில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்பார்கள். அதற்குள் இருட்டிவிடும், மூட்டம் இறங்கிவிடும். போன வருஷம் ஒரு குடும்பம் அப்படித்தான் ஏழரை மணிக்கு மேல் வந்தது. மேப் அவர்களை எங்கள் வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து எஸ்டேட்டின் பூட்டிய கேட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறது. ஒடுக்கமான பாதை, திருப்ப இடமில்லை. பாட்டியையும் குழந்தையையும் காரில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் இரண்டு பேர் டார்ச் அடிக்க, முந்நூறு அடிக்கு மேல் ரிவர்ஸிலேயே வந்திருக்கிறார்கள். வந்து சேர்ந்ததும் அந்த ஐயா பேசிய முதல் வார்த்தை, "தம்பி, நாளைக்குக் காலையில கீழ போயிடறோம்." மறுநாள் வெயிலில் அதே பாதையைப் பார்த்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனவே சேலத்திலிருந்து ஒரு மணிக்குக் கிளம்புங்கள். ஏற்காடு ஊருக்குள் இருக்கும் ஒண்டிக்கடை ரவுண்டானாவுக்கு வந்ததும் நிறுத்தி, எஸ்டேட்டுக்கு ஒரு போன் போடுங்கள். நல்ல சிக்னல் நிச்சயமாகக் கிடைக்கிற கடைசி இடம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் எத்தனை நிமிஷத்தில் வருவோம் என்று சொல்லிவிட்டால், ஆள் தார் ரோட்டுக்கே வந்து நிற்பார். மேப்பைச் சேலத்திலேயே ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள், ஆனால் தார் ரோடு முடிந்தபின் அதை நம்பாதீர்கள். எஸ்டேட்டுக்குள் மரம் ஏற்றிப்போகும் கூப்புப் பாதையும் அதில் ரோடாகத் தெரியும்.

6. முதல் மாலை

ஒன்றும் செய்யாதீர்கள். காப்பி குடியுங்கள், மறுநாள் சாப்பாட்டைச் சொல்லிவிடுங்கள்.

இருட்டியபின் வீட்டு முற்றத்தைத் தாண்டி நடக்க வேண்டாம். காட்டுமாடு என்று நாங்கள் சொல்லும் காட்டெருமை, அந்தியிலும் விடியலிலும்தான் எஸ்டேட்டுக்குள் மேய வரும். சாதுவாக நிற்பது போலத் தெரியும், ஆள் நெருங்கினால் முட்டிவிடும். பார்த்தால் ஓடாதீர்கள், பிளாஷ் அடித்துப் படம் எடுக்காதீர்கள். முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்கி வராந்தாவுக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து பார்த்தாலே மூச்சு விடும் புகை தெரியும்.

7. இரண்டாம் நாள்: முதலில் உயரம், பிறகு மற்றது

ஊர் பார்க்க வேண்டும் என்றால் விடியலில் பாருங்கள். ஏற்காடு தாமதமாகத்தான் எழும். வெளியூர்க் கூட்டம் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பப் பத்து மணி ஆகிவிடும். அதற்குள் நீங்கள் திரும்பியிருக்க வேண்டும்.

ஆறு மணிக்குக் கிளம்பி முதலில் சேர்வராயன் கோயில். 5,326 அடி உயரம், ஏற்காட்டின் மிக உயரமான இடங்களில் ஒன்று. மேலே மரம் இல்லாத சமவெளி, காற்று ஆளைத் தள்ளும், காதுக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கோயில் ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும், உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். சுற்றுக் கிராமங்களின் மலையாளி பழங்குடி மக்களுக்கு இது குலசாமி மாதிரி, செல்ஃபி எடுக்கும் இடமில்லை. அந்த நேரத்தில் சன்னிதி திறக்காமல் இருக்கலாம். காத்திருக்கப் பொறுமை இல்லாவிட்டால் சமவெளியில் நின்று கீழே மூட்டம் கலைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

குழந்தைகள் படகு வேண்டும் என்று அடம்பிடித்தால், வாரநாளில் படகுத்துறை திறந்ததும் போய் முதல் படகில் ஏறுங்கள். பெரியவர்களுக்கு என் யோசனை, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம். அவசரப்படாமல் நடந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

கிளியூர் அருவிக்குப் போவதா என்று எல்லாரும் கேட்பார்கள். ஏரி நிரம்பி வழியும் உபரி நீர்தான் அங்கே விழுகிறது. ஆகவே ஒண்டிக்கடையிலிருந்து வரும்போதே ஏரியின் மட்டத்தைப் பாருங்கள், வழிகிறதா என்று தெரிந்துவிடும். வழியாவிட்டால் அத்தனை படி இறங்கி ஈரப்பாறையைப் பார்த்துவிட்டு அத்தனை படி ஏற வேண்டியிருக்கும். முட்டிவலிக்காரர்கள் எப்போதுமே தவிர்க்கலாம்.

பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், கரடியூர் என்று பட்டியல் போட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். அப்படி முடிக்க வேண்டும் என்றால் ஏரிக்கரை லாட்ஜே சௌகரியம், காசும் மிச்சம்.

8. எஸ்டேட்டுக்குள் நடக்கும்போது

மத்தியானத்துக்கு மேல் எஸ்டேட் ஆளோடு நடங்கள். தனியாகப் போனால் எல்லா வரிசையும் ஒரே மாதிரி இருக்கும், பத்து நிமிஷத்தில் வழி தப்பிவிடும். முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ.

பறிப்புக் காலத்தில் வந்திருந்தால், சிவந்த பழம் ஒன்றைக் கேட்டு வாங்கி விரலால் நசுக்கிப் பாருங்கள். தோல் கிழிந்து இரண்டு கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதன்மேல் இருக்கும் வழவழப்பை நக்கினால் லேசான இனிப்பு. பல்பர் மெஷின் செய்வதும் அந்த நசுக்கல்தான். பிறகு தொட்டியில் ஊறவைத்து வழவழப்பு போகக் கழுவி, களத்தில் காய வைப்பார்கள். காய்ந்த கொட்டையைக் கையில் எடுத்துக் குலுக்கினால் சலசல என்று சத்தம் வரும். சித்தப்பா ஈரமானி வைத்திருக்கிறார், ஆனாலும் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிக் கேட்காமல் மூட்டை கட்ட விடமாட்டார்.

களத்தின்மேல் செருப்புக் காலோடு நடக்காதீர்கள். அது அவர்கள் ஒரு வருஷச் சம்பாத்தியம் காய்கிற இடம். பூத்திருக்கும் கிளையைப் படத்துக்காக உலுக்கினால் அந்தக் கிளையில் காய் பிடிப்பது குறையும். பழம் பறிக்கும் பெண்களைப் படம் எடுக்குமுன், "எடுக்கட்டுங்களாக்கா?" என்று கேளுங்கள். அவர்களுக்குக் கூலி பறித்த எடைக்குத்தான், நிறுத்திவைத்துப் பேசினால் அவர்கள் காசில்தான் குறையும்.

9. என்ன வாங்கலாம்

கடைசி நாளில் ரவுண்டானாக் கடைகளில் அவசரமாக அள்ளாமல், தங்கிய இடத்திலேயே கேளுங்கள். காப்பித்தூளில் சிக்கரி கலந்திருந்தால் எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும், 49 சதவீதத்துக்கு மேல் கலக்கக் கூடாது என்பது விதி. "சுத்தமான எஸ்டேட் காப்பி" என்று பெரிய எழுத்தில் இருந்தால், திருப்பிப் போட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். முடிந்தால் வறுத்த கொட்டையாக வாங்கி வீட்டில் அரையுங்கள். தூளாக்கினால் வாசம் சீக்கிரம் போய்விடும்.

மிளகு வாங்கும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள். நல்ல மிளகு அடியில் உட்காரும். பப்பாளி விதை கலந்திருந்தால் மிதக்கும். சில பதர் மிளகும் மிதக்கும் என்பதால் ஒன்றிரண்டுக்குச் சண்டைக்குப் போக வேண்டாம். கடைக்காரர் டம்ளரைத் தரத் தயங்கினாலே விஷயம் புரிந்துவிடும்.

பட்டர் ஃப்ரூட்டை காயாக வாங்குங்கள். பழுத்ததை வாங்கினால் அடிவாரம் வருமுன் பை பூராவும் வெண்ணெய்.

10. இறங்குவது

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து. ஏறும்போது இன்ஜின் வேலை செய்கிறது. இறங்கும்போது வண்டியின் கனம் முழுவதையும் நிறுத்தச் சொல்லி பிரேக்கைக் கேட்கிறோம்.

கிளம்புமுன் வராந்தாவிலேயே ஒரு தடவை சார்ஜர், மருந்துப் பை, குழந்தையின் பொம்மை எல்லாவற்றையும் எண்ணிவிடுங்கள். பாதி வழியில் ஞாபகம் வந்தால் யாரும் திரும்பப்போவதில்லை. சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து, வெளிச்சம் நன்றாக வந்தபின் புறப்படுங்கள்.

எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிரேக்கை அழுத்தியபடியே வராமல், அழுத்தி வேகம் குறைத்து, காலை எடுத்து, அடுத்த வளைவுக்கு முன் மறுபடி அழுத்துங்கள். இடைவெளி கிடைத்தால்தான் சூடு ஆறும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடிப்பு குறைவு, எல்லாச் சுமையும் பிரேக்குக்கே. எனவே நாலைந்து வளைவுக்கு ஒரு முறை ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிஷம் ஆறவிடுங்கள். கருகிய வாசம் வந்தாலோ, பிரேக் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ உடனே நிறுத்த வேண்டும், அடுத்த வளைவு வரை போய்ப் பார்ப்போம் என்று நினைக்கக் கூடாது.

அப்படி நிறுத்தினால், அல்லது அடிவாரத்துக்கு வந்து டீக்கடையில் இறங்கினால், சக்கரத்தின்மேல் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். புகை வருகிறதே என்று ஒரு நல்ல மனுஷர் வாளியோடு ஓடி வருவார். சூடான டிஸ்க்கில் பச்சைத்தண்ணீர் பட்டால் அது கோணிவிடும், வெடிப்பும் விடலாம். "வேண்டாங்கண்ணா, தானா ஆறட்டும்" என்று சொல்லி அவருக்கும் சேர்த்து ஒரு டீ சொல்லுங்கள். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் ஆறாது, இன்னும் கால் மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்.